கால் நகம் மஞ்சளாகித் தடித்தால் என்ன செய்வது?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் காணி விடுபட்டுத் திரும்பும்போது முதலில் செய்வது பற்றை வெட்டுவதும் கிணறு இறைப்பதும்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் வேலை இழுபட்டால் கால்கள் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு காணப்படுவது சேற்றுப்புண். அதைக் கவனிக்காமல் விட்டால் அதே பங்கசு (பூஞ்சணம்) நகத்துக்குள்ளும் இறங்கும். சேற்றுப்புண்ணைச் சில வாரங்களில் மாற்றலாம். நகத்தில் இறங்கிய பின் மாற்ற ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே தோலில் இருக்கும்போதே வைத்தியம் செய்யுங்கள்.

எப்படி அறிவது?

முதலில் கால் விரல் இடுக்கில், பெரும்பாலும் கடைசி இரு விரல்களுக்கு நடுவில், தோல் வெளுத்து, ஊறி, உரியும். கடியும் எரிவும் இருக்கும். நகத்துக்குப் பரவினால் நுனியோ ஓரமோ வெள்ளையாக அல்லது மஞ்சளாக மாறும். பிறகு நகம் தடித்து, உதிர்ந்து, அடியில் மா போன்ற தூள் சேரும்.

ஆனால் நகம் கெட்டதெல்லாம் பங்கசு அல்ல. அப்படியான நகங்களில் ஏறத்தாழப் பாதிக்கு வேறு காரணம் இருக்கும். மண்வெட்டி, கல் பட்ட பழைய காயம், இறுக்கமான சப்பாத்து, சொரியாசிஸ் எனும் தோல் நோய் ஆகியவையும் நகத்தைக் கெடுக்கும். நகத்தில் கறுப்புக் கோடு புதிதாகத் தோன்றி அகலமானால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஏன் அலட்சியம் கூடாது?

நகப் பங்கசு உயிருக்கு ஆபத்தான நோய் அல்ல. ஆபத்து வெடித்த தோலில் இருக்கிறது. விரல் இடுக்கு வெடிப்பு வழியாக வேறு கிருமிகள் புகுந்தால் கால் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வரும். எலிக்காய்ச்சல் கிருமியும் வெடித்த தோல் வழியாக உடலுக்குள் போகலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போனதை நீங்கள் அறிவீர்கள். வயலில் அல்லது வெள்ளத்தில் இறங்க இருப்பவர்கள் தடுப்பு மாத்திரை பற்றித் தங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

நீரிழிவு (சீனி வருத்தம்) உள்ளவர்களுக்குக் கால் உணர்வு குறைந்திருக்கலாம். புண் வந்தாலும் தெரியாது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தினமும் மாலையில் அவருடைய விரல் இடுக்குகளை வெளிச்சத்தில் இன்னொருவர் பார்க்க வேண்டும்.

வைத்தியம்

சேற்றுப்புண்ணுக்குக் குளோற்றிமசோல் போன்ற பங்கசுக் களிம்பைக் காலையும் மாலையும் பூசுங்கள். கடி நின்றவுடன் நிறுத்த வேண்டாம். தோல் ஆறிய பின்பும் இரண்டு வாரம் பூசுங்கள். பாமசியில் கடிக்கென்று கேட்டு வாங்கும் சில களிம்புகளில் ஸ்டெரோயிட் கலந்திருக்கும். முதலில் சுகம் தரும், பிறகு பங்கசு இன்னும் பரவும்.

நகத்துக்குள் களிம்பு எளிதில் ஊறாது. வைத்தியர் நகத்தைச் சுரண்டிப் பரிசோதித்து, தேவையானால் டெர்பினபின் போன்ற மாத்திரை தருவார். கால் நகத்துக்கு அது வழக்கமாக 12 வாரம். ஈரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வேறு மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

மாத்திரை முடிந்தாலும் நகம் பழையபடியே தெரியும். பெருவிரல் நகம் முழுதாக வளர 12 முதல் 18 மாதம் எடுக்கும். அடியிலிருந்து தெளிவான நகம் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

மண்ணெண்ணெய், பற்றரித் தண்ணீர் போன்றவற்றைப் பூச வேண்டாம். தோல் வெந்துவிடும்.

தடுக்கும் வழிகள்

• வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை உலர்ந்த துணியால் ஒற்றுங்கள்.
• இறப்பர் சப்பாத்தை இரவில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வெயில் வந்தால் வெயிலில் காய வையுங்கள்.
• ஒரு சோடிச் சப்பாத்தைப் பலர் மாறி மாறிப் போட வேண்டாம். வேறு வழி இல்லையென்றால் ஆளுக்கொரு காலுறையாவது இருக்கட்டும்.
• நகத்தை நேராக, கட்டையாக வெட்டுங்கள். நோயுள்ளவரின் நகவெட்டியை மற்றவர்கள் பாவிக்க வேண்டாம்.
• பொதுக் குளியலிடத்திலும் கிணற்றடியிலும் செருப்புப் போடுங்கள்.
• வீட்டில் ஒருவருக்குச் சேற்றுப்புண் இருந்தால் எல்லோருடைய காலையும் பாருங்கள்.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லுங்கள். வலிகாமம் வடக்கில் இருப்பவர்களுக்குத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை உண்டு. தேவைப்பட்டால் அங்கிருந்து தோல் நோய்ச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்துக் கிளினிக் கொப்பி இருந்தால் கொண்டு செல்லுங்கள்.

கால் சிவந்து வீங்கிச் சூடாகினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நீரிழிவுள்ளவரின் காலில் புண் கண்டாலோ அன்றைக்கே செல்லுங்கள். காணி வேலை ஒரு நாள் காத்திருக்கலாம்.