திருமுழுக்கின் சமூக விலை: எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளையும் இரட்சணிய யாத்திரிகமும்

முன்னுரை

சுற்றத்தார் ஏற்காத சமயத்தை வெளிப்படையாகத் தழுவுவதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு வாதப்போரில் மட்டுமன்றிக் காப்பியத்திலும் வெளிப்படும் என்பதை, எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளையின் (1827-1900) வாழ்வையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் இணைத்து நோக்கி இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டமும் சுற்றமும்

கிருஷ்ணப்பிள்ளை நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். சாயர்புரம் மிஷன் கல்வி நிலையத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய இவர், 1858இல் சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். சமயம் மாறியவர் சொத்துரிமை இழப்பதை 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் முன்னரே தடுத்திருந்தது. ஆயினும் பந்தியில் இடம், மணவுறவு, ஈமச்சடங்கில் பங்கு ஆகியவை சட்டத்தால் மீட்டுத் தரத்தக்கன அல்ல. எனவே அன்று சமயம் மாறியோர் கொடுத்த விலையை நீதிமன்றத்தில் அன்று, இல்லத்திலேயே தேடவேண்டும்.

மூலமும் தழுவலும்

காப்பியத்தின் மூலம் ஜான் பனியனின் நூல் (1678). அனுமதியின்றிச் சமயவுரை ஆற்றியதற்காகப் பெட்ஃபோர்டில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர் அவர். மூலத்தின் தொடக்கத்தில் மனைவி மக்கள் கூவியழைக்க, பயணி செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். பின்னர் மாயச்சந்தையின் நீதிமன்றம் அவனுடைய தோழனுக்குக் கொலைத்தண்டனை விதிக்கிறது. பனியனை ஒடுக்கியது அரசு. ஆதலின் அவர் வாழ்வுக்கு நெருக்கமானது நீதிமன்றக் காட்சி. தமிழ்நாட்டுப் புதுக் கிறித்தவருக்கோ எதிர்நின்றது உறவு; ஆதலின் வீடு நீங்கும் காட்சியே அவருக்கு உயிர்நிலை. ஒரே கதை இரு சூழல்களில் இருவகைத் துணிவைச் சுட்டுகிறது.

மரபைக் கைவிடாமை

1894இல் நூலாக வெளிவந்த இக்காப்பியம் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய எனும் ஐந்து பருவங்களில் 3,700க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அதன் விருத்த நடையும் வருணனை முறையும் கம்பர்வழிப்பட்டவை. ஆசிரியர் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றப்படுவதும் இதனாலேயே. சமயம் மாறுவோர் மரபைத் துறக்கின்றனர் எனும் குற்றச்சாட்டுக்கு யாப்பே விடையாகிறது. புதிய சமயத்தாரிடம் பழைய மரபையும், பழைய சுற்றத்தாரிடம் புதிய நம்பிக்கையையும் மறைக்காத நிலை இது.

முடிவுரை

இவ்விலை அனைவர்க்கும் ஒன்றன்று. கிருஷ்ணப்பிள்ளைக்குக் குலப்பிறப்பும் புலமையும் அரணாயின. ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கோ, கிறித்தவம் தழுவினால் பட்டியல் சாதித் தகுதி இல்லை என்பதை 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வரையறுத்தது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் நீட்டிக்கப்பட்ட அத்தகுதி, கிறித்தவருக்கு நீட்டிக்கப்படவில்லை. 1850இன் சட்டம் காத்தது சொத்துரிமை. 1950இன் ஆணை மறுத்தது சமூகநீதி உரிமை. ஆகவே கிறித்தவத் தமிழிலக்கியத்தில் துணிவை ஆராய்வோர், நம்பிக்கையின் உறுதியோடு அதற்கு யார் எவ்வளவு கொடுத்தனர் என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.