விண்ணப்பம் நடக்கும் வழி

ஒரு விண்ணப்பத்தைக் கந்தோரில் கொடுத்துவிட்டு வருகிறோம். "இரண்டு கிழமை கழித்து வாருங்கோ" என்கிறார்கள். பஸ்ஸுக்குக் காசு தேடி, ஒருநாட் கூலியையும் இழந்து மீண்டும் போனால் "கோவை இன்னும் மேலேயிருந்து வரவில்லை" என்ற பதில் கிடைக்கிறது. இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கு இது புதினமல்ல. அடையாள அட்டை, நிவாரணம், காணி அனுமதிப்பத்திரம், விதைநெற் கடன் என்று ஒவ்வொன்றுக்காகவும் நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் நீங்கள். நாம் நடப்பதைப் போலவே அந்தத் தாளும் உள்ளே நடக்கிறது. அது எந்த மேசைக்குப் போகிறது, எந்த மேசையில் படுத்துக் கிடக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

இதைக் கேட்பதற்கென்றே ஒரு துறை வளர்ந்திருக்கிறது. ஒரு வேலை தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை கைமாறிச் செல்லும் வழியைப் படமாக வரைந்து பார்ப்பதைச் செயன்முறை மாதிரியாக்கம் என்பர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். குளத்துத் துருசிலிருந்து கடைவயல்வரை தண்ணீர் எந்தக் கிளைவாய்க்காலால் போகிறது, எங்கே கசிகிறது, எங்கே அடைபட்டு நிற்கிறது என்று மண்ணில் கோடு கீறிக் காட்டத் தெரிந்தவர்களுக்கு இது விளங்காத காரியமல்ல. இத்தகைய படங்களை 1921ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பொறியியலாளர்களின் சங்கமொன்றில் முன்வைத்தவர்கள் பிராங்க் கில்பிரெத்தும் அவர் மனைவி லிலியனும் ஆவர். பிராங்க் இளமையில் கல் அடுக்கும் மேசனாக வேலை செய்தவர் என்பதை இங்கே சொல்லி வைப்பது நல்லது.

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கதையொன்று உண்டு. மைக்கல் ஹமர், ஜேம்ஸ் சம்பி என்ற இருவர் 1993இல் வெளியிட்ட நூலினால் அது பரவலாக அறியப்பட்டது. ஐ.பி.எம். என்னும் பெரிய கணனிக் கொம்பனியின் கிளை நிறுவனமொன்று, கணனி வாங்குவோருக்குக் கடன் கொடுத்துவந்தது. விற்பனையாளர் தொலைபேசியில் கடன் கேட்பார். ஒரு மேசையைச் சுற்றியிருந்த பதினான்கு பேரில் ஒருவர் அதைத் தாளில் எழுதுவார். தாள் மாடிக்குப் போகும். அங்கே ஒருவர் வாங்குபவரின் நாணயத்தைச் சோதிப்பார். அடுத்த பகுதியில் ஒருவர் ஒப்பந்த நிபந்தனைகளைத் திருத்துவார். வேறொருவர் வட்டியைக் கணிப்பார். கடைசியில் எழுதுவினைஞர்கள் எல்லாவற்றையும் ஒரு கடிதமாக்கி அனுப்புவார்கள். இவ்வளவுக்கும் சராசரி ஆறு நாள், சில வேளைகளில் இரண்டு கிழமை. அதற்குள் வாங்க வந்தவர் வேறு கொம்பனிக்குப் போய்விடுவார்.

முதலில் அவர்கள் செய்த மாற்றம் எமக்கு மிகவும் பழக்கமான ஒன்று. "தாள் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, எனவே கண்காணிக்க ஒரு மேசை வைப்போம்" என்றார்கள். ஒவ்வொரு பகுதியும் தன் வேலை முடிந்ததும் தாளை அந்த மேசைக்கு அனுப்பவேண்டும். அங்கே பதிந்தபின்பே அடுத்த பகுதிக்குப் போகும். இப்போது தாள் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடிந்தது. ஆனால் எடுக்கும் நாட்கள் இன்னும் கூடிவிட்டன!

பின்னர் இரண்டு அதிகாரிகள் ஒரு காரியம் செய்தார்கள். ஒரு விண்ணப்பத்தைக் கையிலெடுத்து ஒவ்வொரு மேசையாகத் தாங்களே நடந்து போனார்கள். கையிலுள்ள வேலையைப் புறத்தே வைத்துவிட்டு இதை உடனே செய்துதரும்படி கேட்டார்கள். எல்லா மேசையும் முடிய எடுத்த நேரம் 90 நிமிடம். ஆறு நாளில் 90 நிமிடம் போக, மற்றதெல்லாம் தாள் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் போகக் காத்துக்கிடந்த நேரம். ஊழியர்கள் சோம்பேறிகள் அல்லர். ஒவ்வொருவரையும் இருமடங்கு வேகமாக வேலைசெய்யச் சொல்லியிருந்தாலும் மிஞ்சியிருக்கக் கூடியது முக்கால் மணித்தியாலந்தான்.

முடிவில் நான்கு வகை நிபுணர்களுக்குப் பதிலாக ஒரே ஊழியர் ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை பார்க்கும்படி மாற்றினார்கள். அவருக்குத் துணையாக ஒரு கணனித் திட்டம் தயாரிக்கப்பட்டது. மிகச் சிக்கலானவை மட்டுமே நிபுணரிடம் போயின. ஆறு நாள் நான்கு மணித்தியாலமாகக் குறைந்தது. பழைய வழியை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையிலும் கணனியைக் கொண்டுபோய் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. உண்மையில் பழைய வழியில் இருந்தவர்களும் கணனியில் தான் வேலை செய்தார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கந்தோர்களைக் குறை சொல்லப் புறப்படுமுன் எமது வீட்டையும் பார்க்க வேண்டியதாயிற்று. நாம் நடத்திவந்த சிறிய சுழற்சிக் கடன் திட்டத்தின் வழியை, கடன் பெற்ற பெண்கள் சிலருடன் சேர்ந்து சீமெந்து நிலத்தில் சோக்கினால் கீறிப் பார்த்தோம். படிவத்தை நிரப்ப அரை மணித்தியாலம். கிராமக் குழு பார்க்க ஒரு மணித்தியாலம். காசோலை எழுதப் பத்து நிமிடம். ஆனால் படிவம் வந்து சேர ஐந்து கிழமை எடுத்திருந்தது. குழு மாதத்துக்கு ஒருமுறை தான் கூடும். கூட்டம் முடிந்த மறுநாள் வரும் படிவம் அடுத்த மாதம்வரை கிடக்கும். பிறகு இரண்டாவது கையெழுத்துக்குக் காத்திருக்கும். அந்த இரண்டாவது கையெழுத்து எம்முடையது. நாம் வெளியூர் போனால் படிவம் லாச்சிக்குள் இருக்கும். காலபோக விதைப்புக்கு ஒக்ரோபர் மழையோடு காசு வேண்டும் என்று கேட்ட ஒரு தாய்க்கு, அது கார்த்திகை முடிவில் கிடைத்திருந்தது. அவர் நகையை அடகு வைத்து விதைத்துவிட்டார். எமது காசு வந்தபோது அது வட்டி கட்டத்தான் உதவியது. சோக்குக் கோட்டில் எமது மேசை இருந்த இடத்தை அந்தத் தாய் காட்டியபோது சொல்ல எம்மிடம் ஒன்றுமில்லை.

வாசலுக்கு இந்தப் பக்கம்

கந்தோருக்குள் நடப்பதை மட்டும் வரைந்தால் போதாது என்று காட்டியவர் லின் சொஸ்ராக் என்ற பெண்மணி. வங்கித் துறையில் பணியாற்றிய இவர், 1984இல் எழுதிய கட்டுரையில், வீடு கட்டுமுன் படம் வரைவதுபோல் ஒரு சேவையையும் வரையலாம் என்றார். அவர் எடுத்த உதாரணம் தெருமூலையில் சப்பாத்துத் துடைப்பவரின் தொழில். தூசு தட்டல், மை பூசல், மினுக்கல், காசு வாங்கல் என நான்கு படிகள். இரண்டு நிமிட வேலை. ஐந்து நிமிடம்வரை வாடிக்கையாளர் பொறுப்பார். தவறு நேரக்கூடிய இடம் ஒன்று உண்டு: பிழையான நிற மையைப் பூசிவிடுவது. அந்த இடத்தை முன்கூட்டியே படத்தில் குறித்து, தவறினால் என்ன செய்வது என்றும் எழுதிவைக்க வேண்டும். அத்துடன் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு பக்கத்தில் வாடிக்கையாளர் காண்பவை. மறுபக்கத்தில் மை வாங்கி வைப்பது போன்று அவர் காணாதவை.

இந்தக் கோட்டை நாம் பெரிதாக மதிக்கிறோம். சேவை பெறுபவரின் நடையும் காத்திருப்பும் செலவும் அதனால் படத்துக்குள் வந்துவிடுகின்றன. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு அம்புக்குறி கீறுவது கந்தோரில் இருப்பவருக்கு இலகு. "கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலைப் பெற்றுவரவும்" என்பது படத்தில் ஒரு விரற்கடை அம்பு. இடம்பெயர்ந்து வேறு பிரதேசத்தில் இருப்பவருக்கோ பழைய ஊருக்கு ஒன்று, இருக்கும் ஊருக்கு ஒன்று என்று இரண்டு பயணம்.

இன்று இந்தப் படங்களுக்கு உலகப் பொதுவான குறியீடுகளும் உள்ளன. 2004இல் வெளிவந்த குறியீட்டு முறையொன்று 2011இல் விரிவாக்கப்பட்டு, 2013இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. மெல்லிய வட்டம் தொடக்கம்; தடித்த வட்டம் முடிவு; மூலை மழுங்கிய பெட்டி ஒரு வேலை; சாய்சதுரம் வழி பிரியுமிடம். ஒவ்வொருவருக்கும் நீச்சல் தடாகத்திலுள்ளது போன்ற ஒரு நிரை ஒதுக்கப்படும். அதன்படி யாருடைய கையில் வேலை இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். கணனிக்கு விளங்கும் விதத்தில் வரைந்தால், படத்தையே அடிப்படையாகக் கொண்டு கணனி வேலையை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு அனுப்பிவிடும்.

இங்கே தான் கவனம் வேண்டும். "உறுதி உண்டா?" என்று ஒரு சாய்சதுரம். 'ஆம்' என்றால் அடுத்த பெட்டி. 'இல்லை' என்றால் முடிவு வட்டம். உறுதி எரிந்தவர், ஓடும்போது விட்டுவந்தவர், தகப்பன் பெயரில் இருந்து இன்னும் மாற்றாதவர் எல்லாரும் அந்த ஒரு 'இல்லை'க்குள் போய்விடுவார்கள். முன்பு முகத்தைப் பார்த்து "சரியம்மா, சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக்கொண்டு வாங்கோ" என்று சொல்ல ஒரு எழுதுவினைஞர் இருந்தார். அவருடைய அந்த வார்த்தை எந்தப் படத்திலும் இல்லை. படம் வரைந்தவர் அதைக் கேட்டறிந்து மூன்றாவது வழியாகக் கீறாவிட்டால் கணனிக்கு அது தெரியவே வராது. எனவே புதிய படிவம், புதிய முறை என்று சொல்லி உங்கள் முகாமுக்கோ கிராமத்துக்கோ யாராவது வந்தால், "இல்லை என்றால் எங்கே போவது?" என்ற கேள்வியைக் கேளுங்கள். வரையும்போது கேட்டால் ஒரு கோடு கீறுவதோடு முடியும். கணனியில் ஏறிய பின்பு கேட்டால் மாதக்கணக்கில் இழுபடும்.

உங்கள் சங்கத்திலேயே செய்து பார்க்க விரும்புவோர் ஒரே ஒரு உண்மையான விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க வேண்டிய முறையை எழுதாதீர்கள். அந்த ஒன்றுக்கு நடந்ததை எழுதுங்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வேலை எடுத்த நேரத்தையும், ஒவ்வொரு அம்பின்மேலும் காத்திருந்த நாட்களையும் போடுங்கள். பஸ் காசையும் இழந்த கூலியையும் வேறு நிறச் சோக்கினால் எழுதுங்கள். செயலாளர் மட்டும் வரையக்கூடாது. விண்ணப்பித்தவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எமது கடன் திட்டத்தில் இப்போது சிறிய தொகைகளுக்கு இரண்டாவது கையெழுத்துக் கிடையாது. குழுவில் மூவர் கிழமைதோறும் சந்திக்கிறார்கள். விதைப்புக் காலத்தில் விதைநெற் கடனை முதலில் எடுக்கிறார்கள். படிவம் இரண்டு கிழமைக்குள் முடிகிறது. பிணைக்கு ஆள் இல்லாத, அண்மையில் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு என்ன வழி என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. அந்தச் சாய்சதுரத்தின் ஒரு பக்கத்தில் அம்பு இல்லாமலே படம் கிடக்கிறது.