மண்வள அட்டையில் இருப்பது நம்ம வயல்தானா?



கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தண்ணீர் நுரை பொங்கி வருவதை நாம் பார்த்திருக்கிறோம். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரு பக்கத்துக் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டு நம்மிடம் வருகிறது. நுரை கண்ணுக்குத் தெரியும். பாய்ச்சப் பாய்ச்ச மண்ணில் தங்கும் உப்பு உடனே தெரியாது.

"அதான் மண்வள அட்டை இருக்கே, அதில் உப்பு இல்லைன்னு போட்டிருக்கே" என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். 2015-ல் அத்திட்டம் தொடங்கியபோது, பாசன நிலத்தில் 2.5 எக்டருக்கு (சுமார் 6 ஏக்கர்) ஒரு மண் மாதிரி, மானாவாரியில் 10 எக்டருக்கு ஒன்று என்று வரைபடத்தில் கட்டம் பிரித்து எடுத்தார்கள். ஒரு கட்டத்துக்குள் இருந்த எல்லோருக்கும் ஒரே முடிவுதான். மண் எடுத்தது பக்கத்து மேட்டு வயலாகக்கூட இருக்கலாம்.

ஆகவே நம் வயல் மண்ணை நாமே எடுப்போம். வரப்பு, மரநிழல், எருக்குழி ஓரம் வேண்டாம். 10 இடங்களில் 'வி' வடிவில் அரையடிக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக்கிலோ மண்ணை நிழலில் உலர்த்தி, வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம்.

முடிவு வந்ததும் இரண்டைப் பாருங்கள்:

* மின்கடத்துதிறன் அதிகமானால் உவர் மண். வடிகால் எடுத்து, நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கழுவ வேண்டும்.
* கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் களராக இருக்கலாம். அதற்குத்தான் ஜிப்சமும் தக்கைப்பூண்டும்.

வெறும் உவருக்கு ஜிப்சம் போட்டால் குழுக்கடன் வாங்கிய காசு மண்ணோடு போச்சு!

அடுத்த கூட்டத்துக்கு அட்டையைக் கையோடு கொண்டு வாங்க. சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.