டிவி காடும் நம்ம காடும்

2020 மார்ச்சில் பந்திப்பூர் காட்டுக்குள் பியர் கிரில்ஸுடன் ரஜினிகாந்த் நடந்ததை டிஸ்கவரி டிவியில் நம்மில் பலர் பார்த்திருப்போம். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அங்கே கேமராவுக்குப் பின்னால் ஒரு குழுவே துணைக்கு நிற்கும். விறகுக்கும் மிளகுக்கும் போகிற நமக்கு?

பதறாமல் யோசிப்பதை டிவியில் கற்போம். தெரியாத கிழங்கைத் தின்று பார்ப்பது, ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிப்பது வேண்டாம்.

பாம்பு கடித்தால் சினிமாவில் வருவதுபோல் கீறி உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். வீக்கம் வரும்முன் வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல், நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். 108-ஐ உடனே கூப்பிடுங்கள்.

மலையிறங்க 70 கொண்டை ஊசி வளைவு. அவசரத்துக்கு யார் வண்டி வரும் என்று அடுத்த குழுக் கூட்டத்திலேயே பேசி வைப்போம்.