ஜன்னல் ஓரம் இலையைப் போடு! செல்போனில் சாம்பாரைப் படம் பிடிக்கும் சென்னைப் பெண்கள்

சென்னை நகரில் வீட்டுச் சமையல் விற்றுப் பிழைக்கும் பெண்களுக்குப் புதிதாக ஒரு கவலை வந்திருக்கிறது. சமைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. சமைத்ததைப் படம் பிடிக்கவும் தெரிய வேண்டும்!

முன்பெல்லாம் மெஸ் வைத்தவர்கள் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினால் போதும். ரசத்துக்குத் தாளிக்கும் வாசனை தெருமுனை வரை போய் ஆளைக் கூட்டி வந்துவிடும். இப்போது வாடிக்கையாளர் செல்போனுக்குள் இருக்கிறார். செல்போனுக்கு மூக்கு கிடையாது. கண் மட்டும்தான்!

ஆப்பிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் படத்தைப் பார்த்துத்தான் பலரும் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். படம் மங்கலாக இருந்தால் விரல் அடுத்த கடைக்குத் தாவிவிடும். போட்டோ எடுப்பவரை வீட்டுக்கு அழைக்கலாம் என்றால், அவருக்குக் கொடுக்கும் கூலிக்கு ஒரு மாத மளிகையே வாங்கிவிடலாம்.

இந்த இக்கட்டிலிருந்து தப்ப, திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் சில பெண்கள் கூடுகிறார்கள். ஆளுக்கொரு தூக்குச் சட்டியுடன் வருகிறார்கள். பாடம் நடத்துபவர் 30 ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளில் படம் எடுத்த போட்டோகிராபர். ஆனால் அந்த அறையில் விளக்கு கிடையாது. குடை கிடையாது. பெரிய காமிராவும் கிடையாது. ஒரு மேஜை, ஒரு பழைய வேட்டி, ஒரு தெர்மோகோல் அட்டை, அப்புறம் ஒரு ஜன்னல்.

அந்த ஜன்னல்தான் வாத்தியார்!

"படத்துல இருந்தது வேற!"

அங்கு வருபவர்களில் ஒருவர் ஐஸ் அவுஸ் பகுதியைச் சேர்ந்த 48 வயதுத் தாய். கணவர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துத்தான் குடும்பம் நடக்கிறது. அவர் கூறியதாவது:-

"ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்ச பிறகுதான் போட்டோ எடுக்க நேரம் கிடைக்கும். டியூப்லைட் வெளிச்சத்துல சாம்பார் பச்சையாத் தெரியும். பொரியல் கருப்பாத் தெரியும். என் சமையலைப் பார்த்து எனக்கே சாப்பிடத் தோணாது. பக்கத்து வீட்டுப் பையன்தான், 'ஏன் ஆன்ட்டி கஷ்டப்படறீங்க'ன்னு நெட்டுல இருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டான். வாழையிலை, எட்டு வகைக் கறி, பாயசம்னு ஜோரா இருந்துச்சு. ஆர்டரும் வந்துச்சு."

மூன்றாம் நாளே வினை வந்தது. சாப்பாடு வாங்கிய ஒருவர் போன் போட்டுக் கத்தினார். "படத்துல இருந்தது வேற. வந்தது நாலு டப்பா. ஏமாத்துறீங்களா?" என்று கேட்டார். ஆப்பிலும் ஒற்றை நட்சத்திரம் விழுந்தது.

"சாப்பாடு நல்லா இல்லேன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லலே சார். படம் பொய்யின்னுதான் சொன்னார். 20 வருஷமா சமைக்கிறேன். பொய் சொல்லி வித்தேன்னு ஒருத்தர் சொல்லி அன்னிக்குத்தான் கேட்டேன்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்குகிறது.

பிளாஷுக்குக் கல்தா!

அந்த அம்மாளுக்குப் போட்டோகிராபர் சொன்ன முதல் பாடம் ஒரே வரி. "மொதல்ல லைட்டை அணைங்கம்மா!"

காரணம் இருக்கிறது. பகல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம் உண்டு. மஞ்சள் பல்புக்கு வேறு நிறம். இந்த நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். நடுப்பகல் வெளிச்சம் சுமார் 5,500. மஞ்சள் பல்பு சுமார் 2,700. இரண்டும் ஒரே தட்டில் விழுந்தால் காமிரா திண்டாடிப் போகும். சாதத்தின் ஒரு பக்கம் நீலம் பூக்கும், மறு பக்கம் மஞ்சள் காமாலை அடிக்கும். வெளிச்சம் ஒன்றே ஒன்றாக இருந்தால் காமிரா தானே நிறத்தைச் சரி செய்துகொள்ளும்.

பிளாஷ் அதைவிட மோசம். அது காமிராவுக்குப் பக்கத்திலிருந்தே நேராகப் பாய்கிறது. நிழல் எல்லாம் தட்டுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. எண்ணெய் மட்டும் பளீரென்று வெள்ளையாய் மின்னும்.

ஜன்னல் வெளிச்சமோ பக்கவாட்டிலிருந்து வருகிறது. "இட்லியை ஜன்னலுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்கம்மா. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் லேசா நிழல். அந்த நிழல்தான் இட்லியை 'மெத்து'ன்னு காட்டுது" என்கிறார் அவர்.

சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. ஹாலந்து நாட்டு ஓவியர் வெர்மீர் 1660 வாக்கில் தீட்டிய ஓவியத்தின் நகல். வேலைக்காரப் பெண் ஒருத்தி பாலை ஊற்றுகிறாள். மேஜையில் ரொட்டி. இடப்பக்கம் ஜன்னல். "இவருக்கு ஏதுங்க லைட்டு? ஜன்னல்தானே!" என்று அதைக் காட்டித்தான் பாடத்தை ஆரம்பிக்கிறார்.

போட்டோக் கலையே ஜன்னலில் தொடங்கியதுதான். 1835 ஆகஸ்டில் இங்கிலாந்தில் டால்பட் என்பவர் தன் மாளிகை ஜன்னலையே படம் பிடித்தார். இன்று மிஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். பிறகு 1844 முதல் 1846 வரை புகைப்படங்களை ஒட்டி அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட புத்தகத்தின் கடைசிப் படம், கூடை நிறையப் பழங்கள்! மின்விளக்கு வீட்டுக்கு வராத காலம். பகல் வெளிச்சம்தான் துணை.

வேட்டியும் தெர்மோகோலும்

பாடத்துக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. அவர் சொல்லும் முறை வருமாறு:-

முதலில் செல்போன் கண்ணாடியை முந்தானையால் துடைக்க வேண்டும். அடுப்படியில் புழங்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். படம் மங்கலாக வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மேஜையை ஜன்னலுக்கு 2 அடி, 3 அடி தள்ளிப் போட வேண்டும். தள்ளிப் போகப் போக வெளிச்சம் வேகமாகக் குறையும். நேர் வெயில் விழுந்தால் ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிட வேண்டும். கத்தி போன்ற வெயில் பால் போல இறங்கும்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால், அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலைக் கரைக்கும். நிழல் அழுத்தமாக வேண்டுமானால் அந்த இடத்தில் கருப்பு சார்ட் அட்டை. இரண்டும் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும்.

போனைத் தட்டுக்கு மிக அருகே கொண்டு போகக் கூடாது. தட்டின் முன் விளிம்பு பூதம் போலப் பெருத்துவிடும். சற்றுப் பின்னால் நின்று எடுக்க வேண்டும்.

எவர்சில்வர் தட்டில் எடுத்தால் ஜன்னல், போன், போன் பிடித்த கை எல்லாம் அதில் தெரியும். ஆகவே வாழையிலை, மந்தார இலை, மண் சட்டி உத்தமம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணம்

தோசையும் முழு இலைச் சாப்பாடும் தட்டையானவை. நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். வடை அடுக்கு, இட்லி, கேசரி போன்றவற்றுக்கு உயரம் உண்டு. கண்மட்டத்துக்கு இறங்கி எடுக்க வேண்டும். குழம்புக் கிண்ணத்துக்கு, சாப்பிட உட்கார்ந்தவர் பார்க்கும் சாய்வு.

தயிர் சாதம்தான் பலரையும் அழ வைக்கிறது! காமிரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொள்ளும். வெள்ளைத் தயிர் சாதத்தைக் காட்டினால் 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து இருட்டாக்கிவிடும். அப்போது திரையில் சாதத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ள வேண்டும். எள்ளுருண்டைக்கு நேர்மாறு. கீழே இறக்க வேண்டும்.

ஆவி பறக்கும் சாம்பார் வேண்டுமா? கிண்ணத்துக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் ஜன்னல் இருக்கட்டும். நேர் பின்னால் கருப்பு அட்டை. வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை ஆவி தெரியுமா?

முக்கியமான விஷயம் நேரம். முதலில் காலித் தட்டை வைத்து இடம், கோணம், வெளிச்சம் எல்லாம் முடிவு செய்துவிட வேண்டும். சாப்பாடு கடைசியில்தான் வர வேண்டும். கொத்தமல்லி வாடிய பிறகு, நெய் உறைந்த பிறகு எடுத்துப் புண்ணியமில்லை.

வடக்கு ஜன்னல்: சென்னைக் கணக்கு வேறு

வடக்கு ஜன்னலே சிறந்தது என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன. அங்கே சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்கு ஜன்னலில் வெயில் விழுவது அபூர்வம். ஆனால் சென்னைக் கணக்கு வேறு. சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வேட்டி கட்ட வேண்டியிருக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் 20 வரை அங்கே நேர் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

கிழக்கு ஜன்னல் இருப்பவர்கள் பிற்பகலிலும், மேற்கு ஜன்னல் இருப்பவர்கள் காலையிலும் எடுக்கலாம். முற்றம் வைத்த பழைய வீட்டில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மேலிருந்து இறங்கும் வெளிச்சத்துக்கு முற்றத்து ஓரத் தாழ்வாரமே போதும். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர் இடிக்கும் சந்து வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். எதிர்ச் சுவர் வெள்ளையாக இருந்தால் அதுவே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். சுவர் பச்சையாக இருந்தால் மட்டும் ஆபத்து. சாதமும் பச்சையடிக்கும்!

கோலிக்குண்டு சூப்!

"இதெல்லாம் ஏமாற்று வேலைதானே?" என்று கேட்டாள் வகுப்புக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி. வாத்தியார் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார்.

அமெரிக்காவில் கேம்ப்பெல் என்ற பெரிய சூப் கம்பெனியின் விளம்பரப் படத்தில் கிண்ணம் நிறையக் காய்கறி மிதந்தது. விசாரித்தால், கிண்ணத்துக்கு அடியில் கோலிக்குண்டுகள்! குண்டுகள் காய்களை மேலே தள்ளி நிறுத்தியிருந்தன. அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. இனி அப்படிச் செய்வதில்லை என்று 1970-ல் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஐஸ்கிரீமுக்குப் பதில் உருளைக்கிழங்கு மசியல் வைத்துப் படம் எடுப்பதும் விளம்பர ஸ்டுடியோக்களின் பழைய தந்திரம்தான்.

இங்கேயும் சட்டம் சும்மா இல்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை!

"வெளிச்சத்தைத் தேடிப் போறது ஏமாத்து இல்லேம்மா. பொண்ணு பார்க்க வர்றப்போ முகம் கழுவி நல்ல இடத்துல உட்கார வைக்கிறோம். அது தப்பா? அக்காளுக்குப் பதிலாத் தங்கச்சியைக் காட்டினாத்தான் தப்பு!" என்றார் அவர். அறை முழுக்க ஒரே சிரிப்பு.

அவர் போட்டிருக்கும் கட்டளை ஒன்றுதான். எந்தச் சாப்பாடு டப்பாவுக்குள் போகிறதோ, அதைத்தான் படம் எடுக்க வேண்டும். அளவும் அதே அளவுதான்.

நாலு டப்பாவும் நல்ல பேரும்

ஐஸ் அவுஸ் அம்மாள் இப்போது ராத்திரியில் படம் எடுப்பதில்லை. காலை பதினொன்றரை மணிக்கு, டப்பாவை மூடுவதற்கு முன் ஜன்னல் ஓரம் கொண்டு போகிறார். சாதம், சாம்பார், ரசம், பொரியல் என்று நாலு டப்பாவையும் திறந்து வைத்து, மேலிருந்து ஒரு படம். வாழையிலையும் இல்லை, பாயசமும் இல்லை. அன்றைய சமையல், அன்றைய படம். இரண்டு நிமிட வேலை.

"கூட்டம் அலைமோதலே. அந்தப் பொய்ப் படத்துக்கு வந்த அளவு ஆர்டர் இன்னும் வரலே. ஆனா வந்தவங்க மறுபடியும் வர்றாங்க. திட்டு நின்னு போச்சு. 'படத்துல இருந்த அதே அவரைக்காய்ப் பொரியல்தான் வந்துச்சு'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். அதை என் மக படிச்சுக் காட்டினா" என்கிறார்.

ஒற்றை நட்சத்திரம் போட்டவர் இன்னும் திரும்பி வரவில்லை.

மழைக்காலம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால் வாத்தியார் உற்சாகமாகிவிடுகிறார். "மேகம் மூடினா ஆகாசமே பெரிய வெள்ளை வேட்டிங்க! போனை மட்டும் ஆடாமப் பிடிக்கணும். ஒரு டம்ளர்ல சாய்ச்சு நிறுத்தினாலே போதும்" என்கிறார்.

பாடம் முடிந்ததும், படம் பிடித்த சாப்பாட்டை எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவது இந்த வகுப்பின் வழக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம் மீன் குழம்பு. அன்று கூட்டம் அதிகம் வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது!