துடிப்பை உயர்த்தும் கலை

மனித உடலில் நாடி துடிப்பதுபோலக் கணிப்பொறியின் உள்ளேயும் ஒரு துடிப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் செயலி என்னும் சில்லு தன் வேலையில் ஓர் அடி முன்னேறுகிறது. உற்பத்தியாளர் வகுத்த அளவுக்கு மேல் இத்துடிப்பை உயர்த்தி, அதே செயலியிடம் கூடுதல் வேலை வாங்குவதையே ‘ஓவர்கிளாக்கிங்’ என்பர். கையில் பணம் குறைவாகவும் நெஞ்சில் ஆர்வம் மிகுதியாகவும் உள்ள மாணவர்களை இக்கலை பெரிதும் ஈர்க்கிறது. முதன்முதலாக இவ்வாறு ஒரு கணிப்பொறியை அமைக்க விரும்புவோர் எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யலாகாது என்பதை இங்கே ஆராய்வோம்.

கொடுத்த விலைக்கு மேற்பட்ட வேகம் எங்கிருந்து வருகிறது? சில்லுகள் பல, ஒரே சிலிக்கன் தகட்டில் ஒருங்கே உருவாக்கப்படுகின்றன. ஒரே தகட்டில் பிறந்தாலும் அவை யாவும் ஒரே திறன் உடையவை அல்ல. அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து, தரத்துக்கு ஏற்ப வேகமும் விலையும் வைக்கின்றனர். மலிவான தரத்துக்குத் தேவை மிகுந்தால், உயர்ந்த திறனுள்ள சில்லும் அத்தரத்தின் பெயரிலேயே விற்பனைக்கு வரும். அன்றியும், வெப்பம் மிகுந்த இடத்திலும் நெடுங்காலம் பிழையின்றி இயங்க வேண்டும் என்பதற்காகச் சிறிது இடம் விட்டே வேகத்தைக் குறிக்கின்றனர். இந்த மிச்சமே நாம் தேடும் செல்வம்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று, 1998-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவுச் செயலி. தாய்ப்பலகை தந்த 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நாலரை மடங்காக்கி, அது 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. தாய்ப்பலகையின் துடிப்பை 100 ஆக மாற்றியதும், அச்செயலிகளுள் பல 450 மெகாஹெர்ட்ஸில் இயங்கின. அதே வேகமுள்ள பென்டியம் 2 செயலியின் வெளியீட்டு விலையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத அது, பல வேலைகளில் அதற்கு ஈடுகொடுத்தது.

அக்காலம் கடந்துவிட்டது. 2008 முதல் இன்டெல் செயலிகளும், பின்னர் ஏ.எம்.டி. செயலிகளும், வெப்பமும் மின்சாரமும் இடம் தரும் அளவுக்குத் தம் துடிப்பைத் தாமே உயர்த்திக்கொள்ளக் கற்றன. ஆகவே நமக்கு எஞ்சும் மிச்சம் பெரும்பாலும் சிறியதே. ஐம்பது விழுக்காடு ஊதியத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். இதனை உணர்ந்தே பொருள்களைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

முதலாவது, செயலியும் தாய்ப்பலகையும் பொருந்துதல். 2022-இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600 செயலியை எடுத்துக்கொள்வோம். ஆறு உட்கருக்கள் உள்ள இதன் அடிப்படைத் துடிப்பு விநாடிக்கு 350 கோடி. தானே உயரும் எல்லை 440 கோடி. இதன் பெருக்கெண் பூட்டப்படவில்லை. ஆனால் மதர்போர்டு எனக் கடைகளில் வழங்கும் தாய்ப்பலகையும் இசைவு தர வேண்டும். பி450, பி550 வகைப் பலகைகள் இசைவு தரும். அவற்றினும் மலிவான ஏ520 வகை தராது. இன்டெல் வரிசையிலோ, பெயரில் ‘கே’ என்னும் எழுத்துள்ள செயலியும், ‘இசட்’ வகைப் பலகையும் சேர்ந்தாலன்றி வழக்கமாகப் பெருக்கெண்ணை உயர்த்த இயலாது. இப்பொருத்தம் பாராமல் வாங்கிய பூட்டில்லாச் செயலி, அணிய இடமில்லாத நகை போன்றதே.

இரண்டாவது, மின்வழங்கி. இங்கேதான் பலர் சிக்கனம் செய்து கெடுகின்றனர். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் உள்ள வாட் அளவை மட்டும் நம்பலாகாது. செயலியும் வரைகலை அட்டையும் தம் ஆற்றலைப் பெரிதும் 12 வோல்ட் வழியிலிருந்தே பெறுகின்றன. அவ்வழிக்குரிய ஆம்பியர் எண்ணைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். 450 வாட் என விளம்பிய மின்வழங்கி 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் மட்டுமே தருமாயின், அதன் உண்மையான வலிமை 240 வாட்தான். தரமற்ற மின்வழங்கி பழுதாகும்போது மற்றப் பொருள்களையும் உடன் அழிப்பது உண்டு. செயலியையும் பெட்டியையும் பழையனவாக வாங்கலாம். மின்வழங்கியைப் புதியதாக, நம்பத்தக்கதாக வாங்குவதே அறிவுடைமை.

மூன்றாவது, குளிர்விப்பான். செயலி வெளியிடும் வெப்பம் துடிப்புக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் பெருகுகிறது. துடிப்பையும் மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு வீதம் உயர்த்தினால், வேகம் பத்து விழுக்காட்டுக்கு மேல் வளராது; வெப்பமோ முப்பத்துமூன்று விழுக்காடு வளரும். 5600 செயலியின் வெப்ப எல்லை 90 பாகை செல்சியஸ். காற்றால் குளிர்விக்கும் எக்கருவியும் அறையின் வெப்பத்துக்குக் கீழே செயலியைக் கொண்டுசெல்ல முடியாது. மார்கழி இரவில் நன்கு இயங்கிய அமைப்பு சித்திரை நண்பகலில் தடுமாறுவது இதனாலேயே. செயலியோடு இனாமாக வரும் சிறு விசிறி, அன்றாட வேலைக்குப் போதும். துடிப்பை உயர்த்துவதற்குத் தனியே ஒரு நடுத்தரக் குளிர்விப்பான் தேவை.

நான்காவது, நினைவகம். ஒரே 16 ஜி.பி. துண்டைவிட, 8 ஜி.பி. துண்டுகள் இரண்டு சிறந்தவை. இரு வழிகளில் ஒருங்கே தகவல் பாயும். 3600 எனக் குறித்து வாங்கிய நினைவகமும், பயாஸ் அமைப்பில் எக்ஸ்.எம்.பி. என்பதைத் தெரிவு செய்யும்வரை அதனினும் குறைந்த வேகத்திலேயே இயங்கும். மேற்செலவின்றிக் கிடைக்கும் இந்த ஊதியத்தைப் பெறாமலே விட்டவர் பலர்.

பொருள்கள் அமைந்தபின் பொறுமை வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. சிறு படியாக மாற்றுக. எண்களைக் குறிப்பேட்டில் எழுதுக. பின்னர் பிரைம்95, மெம்டெஸ்ட் போன்ற சோதனை நிரல்களைச் சில மணி நேரம் இயக்கி, வெப்பத்தையும் பிழைகளையும் கவனிக்க. கணிப்பொறி எழவே மறுத்தால் அஞ்ச வேண்டா. தாய்ப்பலகையில் பழைய அமைப்பை மீட்கும் வழி உண்டு.

அஞ்சத்தக்கது வேறொன்று. அளவு மீறிய கணிப்பொறி எப்போதும் நின்றுவிடுவதில்லை. சில வேளை நிற்காமலே தவறாகக் கணக்கிடும். எழுதி வைத்த ஆய்வுக் கட்டுரையும் சேர்த்து வைத்த ஒளிப்படங்களும் ஓசையின்றிச் சிதையக்கூடும். ஆதலால் முக்கியமான கோப்புகளுக்கு வெளியே ஒரு படி எடுத்து வைத்த பின்னரே முதற்படியில் கால் வைக்க வேண்டும். அளவு மீறிய இயக்கத்தால் விளையும் பழுதை உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். வீட்டுக்கு ஒரே கணிப்பொறி உள்ளவர், பெருக்கெண்ணைத் தொடாமல் நினைவக வேகத்தோடு அமைவதே நன்று.

வேகமான செயலியைப் பணம் உள்ளோர் எவரும் வாங்கிவிடலாம். தம் பொறியின் எல்லை எது என்பதைச் சோதித்து அறிந்து, அதற்கு ஒரு படி கீழே நிறுத்திப் பல ஆண்டு பிழையின்றி இயக்குபவரே இக்கலையில் தேர்ந்தவர்.