நின்றது வேறு, நிறுத்தியது வேறு!

சாயங்காலம் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மின்சாரம் போய்விடுகிறது. முதலில் என்ன செய்வீர்கள்? நிஜத்தைச் சொல்லுங்கள். “இப்பத்தானா போகணும்!” என்று அலுத்துக்கொள்வீர்கள். மெழுகுவத்தியைத் தேடுவீர்கள். அப்புறம், சும்மா இருப்பானேன் என்று, ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாவை வழித்துவிடக் கையை உள்ளே விடுவீர்கள்.

என் சித்தி அப்படித்தான் விட்டாள்.

2012-ம் ஆண்டில் தமிழ்நாடெங்கும் மின்வெட்டு கடுமையாக இருந்தது நினைவிருக்கும். கும்பகோணத்தில் சித்தி வீட்டிலும் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. அன்றைக்குப் போனது ஐந்தே நிமிஷத்தில் வந்துவிட்டது. சித்தியின் கை அப்போது குழவிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் இருந்தது. சித்தப்பா ஓடிவந்து ஸ்விட்சை அணைப்பதற்குள் வளையல் நசுங்கி, வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்துவிட்டன.

சித்தி வீணை வாசிப்பவள். அந்த இரண்டு விரல்கள்தாம் தந்தியை மீட்ட வேண்டியவை. கட்டுப் பிரித்த பிறகும் நடுவிரல் பழையபடி மடங்கவில்லை. தஞ்சாவூரில் பலாமரத்தில் செய்து வாங்கிய வீணை வெகுநாள் உறைக்குள்ளேயே கிடந்தது.

“மெஷின் நின்னுதானே போயிருந்தது?” என்று சித்தி மாய்ந்து மாய்ந்து கேட்டாள். அதற்குச் சரியான பதில் சொன்னவர் டாக்டர் அல்ல; திருவையாற்றுப் பக்கம் சித்தப்பாவின் வயலில் பம்பு செட்டு பழுது பார்க்கும் பெரியவர்.

“நின்னது வேறேம்மா, நிறுத்தினது வேறே. கரண்டு போனா மெஷின் தானா நிக்குது. நீங்க ஸ்விட்சை அணைச்சாத்தான் அதை நிறுத்தினதா அர்த்தம்.”

மோட்டார் கொட்டகையில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியையும் அவர் எனக்குத் திறந்து காட்டினார். பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு கம்பிச் சுருள் காந்தமாகி, மின்தொடர்பை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மின்சாரம் போனால் காந்த சக்தியும் போகிறது, பிடி நழுவிவிடுகிறது. மறுபடி மின்சாரம் வந்தாலும், பச்சைப் பொத்தானை ஒருவர் அழுத்தினால் ஒழிய மோட்டார் ஓடாது. (இரவில் எழுந்துபோகச் சோம்பல்பட்டுச் சிலர் தானாக ஓடவைக்கும் கருவியைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கொட்டகையில் கை வைப்பவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.)

வயற்காட்டில் இருக்கும் இந்தப் புத்திசாலித்தனம் நம்முடைய சாதாரணக் கிரைண்டரில் இல்லை! ஸ்விட்சைப் போட்டபடி விட்டால் அது போட்டபடியேதான் இருக்கும். மின்சாரம் வந்ததும், உங்களைக் கேட்காமல் ஓடும்.

கிரைண்டருக்கு மட்டும் உள்ள சங்கதி அல்ல இது. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் இயந்திரங்கள் ஊர் ஊராக வந்து இறங்கின. அந்த இயந்திரத்தில் விசையை விட்டுவிட்டால் சங்கிலி நிற்கும். என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படியே கையில் பிடித்துக்கொண்டு, கிடக்கும் மரங்களைத் தாண்டினால் என்ன ஆகும்? கால் இடறும்; விரல் விசையை அமுக்கும்; சங்கிலி சுழலும். அதனால்தான், நடக்குமுன் என்ஜினை அணை அல்லது சங்கிலித் தடையைப் போடு என்று விதி வைத்திருக்கிறார்கள்.

அறுந்து கிடந்த மின்கம்பிகளும் அப்படித்தான். ஊரே இருட்டாக இருக்கிறதே, இது செத்த கம்பிதானே என்று தோன்றும். ஆனால் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரை முறையில்லாமல் இணைத்திருந்தால், அந்த மின்சாரம் பின்வழியாகக் கம்பியில் ஏறிவிடும். கம்பத்தில் ஏறும் மின் ஊழியர், இணைப்பைத் துண்டித்துச் சோதித்து, கம்பியைப் பூமியோடு இணைத்த பிறகே தொட வேண்டும் என்பது இதற்காகத்தான். அவருக்கும் நின்றது வேறு, நிறுத்தியது வேறு!

இப்போது நம் வீடுகளில் துளை போடும் டிரில்லும், ஓடு அறுக்கும் கிரைண்டரும் வந்துவிட்டன. கொலுப்படி, திரைச்சீலைக் கம்பி என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்காரருக்கு ஏதாவது வேலை இருக்கிறது. அவர் சுவரைப் பார்ப்பார். பிளக்கைப் பார்க்க வேண்டியவர் நீங்கள். ஆகவே, சில விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

1. மின்சாரம் போனதும் மெழுகுவத்தியைத் தேடுமுன் ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவுங்கள். மாவை வழிப்பதும், டிரில்லில் ஊசி மாற்றுவதும் அதற்குப் பிறகுதான். டிரில்லின் விசையைப் பூட்டி வைக்கும் சிறு குமிழ் உண்டு. அது பூட்டியிருந்தால், பிளக்கைச் செருகிய கணமே கருவி துள்ளும்.

2. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஓடு அறுக்கும் கருவியின் தகடு நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழல்வது. அணைத்த பிறகும் சில விநாடி சுற்றும். நிறுத்தியாயிற்று, ஆனால் இன்னும் நிற்கவில்லை! முழுதும் நிற்குமுன் கீழே வைக்கக் கூடாது. தகட்டின் மேல்மூடியைக் கழற்றவும் கூடாது. கண்ணாடி அணியாமல் யாரும் கிட்டே நிற்க வேண்டாம்.

3. முந்தானையைச் செருகுங்கள், பின்னலை முடிந்துகொள்ளுங்கள், வளையலைக் கழற்றுங்கள். களத்தில் கதிர் அடிக்கும் பெண்கள் சேலையை வரிந்து கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கதிரடிக்கும் இயந்திரங்கள் வந்தபோது வரிந்து கட்டினால் மட்டும் போதவில்லை. கிராமத்து இயந்திரங்களால் ஊனமடைபவர்களுக்காக 1983-ல் மத்திய அரசு தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. டிரில் பிடிக்கும்போது துணிக் கையுறையும் ஆகாது. சுழலும் ஊசி அதை விரலோடு இழுத்துவிடும்.

4. மூன்று முள் பிளக்கில் பெரிய முள்தான் பூமி இணைப்பு. அதை ஒடித்துவிட்டு உபயோகிக்காதீர்கள். மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் அது கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிக்கும். யாருக்காவது ஷாக் அடித்தால், அவரைத் தொடுமுன் மெயினை அணையுங்கள்.

சித்தி இப்போது மறுபடி வாசிக்கிறாள். நடுவிரல் செய்ய வேண்டியதில் பாதியை ஆள்காட்டி விரலுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். மாலையில் மின்சாரம் போனால் வீணை நிற்காது. அதற்கு மின்சாரம் வேண்டாம் அல்லவா? ஆனால் கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒரு குரல் மட்டும் வரும்:

“பிளக்கை எடுத்தாச்சாடி?”

உங்கள் வீட்டிலும் அந்தக் குரல் கேட்கட்டும்.